ரம்ப மேஜைக்கு மெழுகு பூசுவது எப்படி?

மரக்கடை, பிளைவுட் கடை, ஹார்டுவேர் கடை நடத்தும் நம் வணிகப் பெருமக்களில் அநேகம் பேர் இப்போது கடையின் பின்கட்டிலேயே ஒரு ரம்ப மிஷின் போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்கு அறுத்துக் கொடுத்தால்தான் வியாபாரம் என்று ஆகிவிட்டது. பெரும்பாவூரிலிருந்தும் யமுனா நகரிலிருந்தும் பிளைவுட் லோடு வந்து இறங்குகிறது. எட்டடி நாலடிப் பலகையை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர் குறைவு. "அண்ணே, ரெண்டே காலடிக்கு ஒரு துண்டு போட்டுக் குடுங்க" என்பவர்தான் அதிகம். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி தொழிற்பேட்டைகளுக்குப் பெட்டியும் மரத்தட்டும் அடித்துக் கொடுப்பவர்களிடமும் இதே மிஷின்தான் ஓடுகிறது.

மிஷின் வாங்கும்போது மோட்டார் எத்தனை குதிரை சக்தி என்று கேட்கிறோம். பிளேடு எந்தக் கம்பெனி என்று கேட்கிறோம். வாங்கிய பிறகு பிளேடைச் சாணை பிடிக்கிறோம், பெல்ட் மாற்றுகிறோம், பேரிங்குக்கு கிரீஸ் வைக்கிறோம். ஆனால் மரம் சறுக்கிக்கொண்டு போகிற அந்த மேஜையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பையன்கள் டீ தம்ளரை வைப்பதும், ஆணியை நிமிர்த்துவதும், மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதும் அதன் மேல்தான். நாங்களும் அப்படி இருந்தவர்கள்தான். ஒரு விபத்துக்குப் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஐப்பசி அடைமழை. ஷெட்டில் சாரல் அடித்து, மிஷின் மேஜை முழுவதும் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. ஈரம் காயாத மாமரப் பலகை ஒன்றை எங்கள் பையன் அறுத்துக்கொண்டிருந்தான். பலகை மேஜையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அவன் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினான். திடீரென்று பிடிப்பு விட்டது. பலகை முன்னே போயிற்று, அதோடு கையும் போயிற்று. இடது கைக் கட்டை விரலில் ஒரு கணு போய்விட்டது.

அன்று நாங்கள் சொன்னது, "கவனமில்லாமல் அறுத்தான்" என்பதுதான். ஊரிலும் அதையே சொன்னோம். பத்து நாள் கழித்து, பெங்களூரில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு வயதான மேஸ்திரி கடைக்கு வந்தார். மேஜை மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "முதலாளி, பையன் மேல தப்பில்லை, மேஜை மேல தப்பு. மேஜை உங்களுது" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பையன் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறான், சரக்குக் கணக்குப் பார்க்கிறான். பையன் என்பது பழக்கத்தில் வருகிறது. அவனுக்கே பேரன் பிறந்தாயிற்று.

பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் அதன் பல் மணிக்குச் சுமார் 140 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. இந்த வேகத்துக்கு முன்னால் கையைச் சுதாரித்து இழுத்துக்கொள்வது என்பது வெறும் பேச்சு. பலகை சீராக, ஒரே அழுத்தத்தில் நகர வேண்டும். பிடித்துப் பிடித்து நகர்ந்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, நாங்கள் மேலே சொன்னது. மற்றொன்று, பலகை கோணிக்கொண்டு கைடுக்கும் பிளேடின் பின்பக்கப் பல்லுக்கும் நடுவில் சிக்கி, அறுக்கிறவர் மேலேயே திரும்பி எகிறுவது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதம் போனதாகக் கணக்கு வைத்திருந்தார்கள். மரவேலை செய்கிறவனுக்கு 30 சதத்தோடு தீருமா என்பது வேறு விஷயம்.

துரு ஏன் பிடிக்கிறது?

நல்ல மிஷின்களின் மேஜை வார்ப்பிரும்பு. கோவை வார்ப்படப் பட்டறைகளில் வார்த்துக் கடைந்து வருவது. கனமாக இருப்பதால் அதிர்வைத் தாங்கும், வளையாது. ஆனால் மேல்பக்கம் பெயின்ட் கிடையாது, பச்சை இரும்பு. காற்றில் ஈரம் அதிகமானாலே துரு தொடங்கிவிடும். அதற்கு மழை மேலே விழ வேண்டும் என்பதில்லை. மார்கழி விடியலில் இரும்பு குளிர்ந்து கிடக்கும்போது அதன் மேல் பனி வேர்ப்பதை ஷட்டர் திறந்தவுடன் தொட்டுப் பார்த்தால் தெரியும். நம் சிங்காரப்பேட்டை ஜவ்வாது மலை அடிவாரம், ஓசூர் பக்கமோ மேட்டுநிலம். இரண்டு இடத்திலும் இந்தப் பனி வேர்வை உண்டு. கை வியர்வையில் உப்பு இருப்பதால் விரல் பட்ட இடத்தில் கைரேகையோடு துரு எழும்பும். ஈர மரத்தை இரவு முழுக்க மேஜை மேல் போட்டுவிட்டுப் போனாலும், காலையில் பலகையின் அச்சு அப்படியே விழுந்திருக்கும்.

இன்னொரு காரணம் உண்டு. சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆயுத பூஜை அன்று மேஜையின் நட்டநடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தையும் அறுத்து வைக்கிறோம். மறுநாள் விடுமுறை. மூன்றாம் நாள் வந்து துடைத்தால் வட்டமாக ஒரு துருக்குழி நிற்கும். ஈரச் சந்தனம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எலுமிச்சையோ அமிலம். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. நாங்களும் தவறாமல் செய்கிறோம். பொட்டை மட்டும் பெயின்ட் அடித்த இடத்தில், மோட்டார் மூடியிலோ மிஷின் காலிலோ வைக்கிறோம். பழத்தைத் தட்டில் வைக்கிறோம்.

துருவினால் கைக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் நஷ்டம். வேங்கை, கருவேலம், தேக்கு போன்ற மரங்களில் துவர்ப்புச் சத்து உண்டு. கருவேலம் பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டது வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து நண்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு மை காய்ச்சிய அதே சங்கதிதான். துருப்பிடித்த மேஜை மேல் ஈர வேங்கையை ஓட்டினால் அடிப்பக்கம் கறுப்புக் கோடு விழும். கதவுக்கு எடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து போடுவார். இழைத்தால் சில சமயம் போகும். ஆழமாக ஏறியிருந்தால் ஆக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசிக் கழுவ வேண்டும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இத்தனை தொல்லைக்கும் விலை ஒரு டப்பா மெழுகு.

முதலில் சுத்தம்

மெழுகு பூசுவதற்கு முன் துரு, பிசின், பழைய எண்ணெய் எல்லாம் போக வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மூன்று பேஸ் இணைப்பானால் மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பிளேடைக் கழற்றிவிடுங்கள், அல்லது மேஜைக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

மரத்தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு, மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ துணியில் நனைத்துத் துடைத்தால் பைன் மரத்துப் பிசின் கரையும். லேசான துருவுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பர் போதும். கொஞ்சம் முற்றியிருந்தால் 320-இல் தொடங்கி 400-இல் முடிக்கலாம். டபிள்யூ.டி.40 தெளித்து அதன் மேல் தேய்த்தால் துரு குழம்பாக வரும். (தண்ணீரை விலக்குவதற்கு 1953-இல் அமெரிக்காவில் நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் அந்தப் பெயர்.) தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்க்காதீர்கள். தட்டையான ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, மேஜையின் நீளவாக்கில் ஒரே திசையில் இழுக்க வேண்டும். துரு இருக்கிற இடத்தையே அழுத்தி அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். மேஜையின் பெருமையே சமதளம்தான். கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரம் மாட்டிப் பளபளப்பாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். பக்கத்து ஊரில் ஒரு நண்பர் அப்படிச் செய்து, அதன் பிறகு அவர் அறுத்த எந்தப் பலகையும் சதுரமாக வரவில்லை.

துரு போன இடத்தில் கறுப்புக் கறை மட்டும் நின்றால் அதை விட்டுவிடலாம். விரலுக்கு வழவழப்பாக இருந்தால் போதும், கண்ணுக்கு அழகு தேவையில்லை.

கடைசியாகச் சுத்தமான துணியில் டர்பன்டைன் தொட்டு முழுவதும் துடைத்துக் காயவிட வேண்டும். மண்ணெண்ணெய்ப் பிசுக்கோ டபிள்யூ.டி.40-இன் எண்ணெயோ மீந்திருந்தால் மெழுகு இரும்பைப் பிடிக்காது. சிலர் அந்த டபிள்யூ.டி.40-ஐயே தெளித்துவிட்டு "பூசியாச்சு" என்று விடுகிறார்கள். அது துருவைத் துடைக்க நல்லது. ஆனால் மாதக்கணக்கில் நிற்காது.

எந்த மெழுகு?

நம் ஊரில் மேஜைக்குப் பூசுகிறவை பலவிதம். தேங்காய் எண்ணெய், பழைய என்ஜின் ஆயில், முகப்பவுடர், சர்வீஸ் ஸ்டேஷனில் காருக்குப் போடும் பாலிஷ் என்று எல்லாம் பார்த்துவிட்டோம். எண்ணெய் எதுவானாலும் மரத்தூளைச் சேர்த்துப் பிடித்துச் சேறாக்கும், பலகையில் கறையும் ஏற்றும். என்ஜின் ஆயில் பட்ட பிளைவுட்டைப் பிறகு எந்தப் பெயின்டரும் ஏற்க மாட்டார். பவுடர் கேரம் போர்டுக்குச் சரி. இங்கே சற்று நேரம் சறுக்கும், துருவைத் தடுக்காது.

கார் பாலிஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில் நாங்களே நஷ்டப்பட்டோம். மேஜை கண்ணாடி போல் ஆனது உண்மை. பலகை விரல் நுனியில் ஓடியது. இரண்டு மாதம் கழித்து, எங்களிடம் அளவுக்கு அறுத்து வாங்கிய வினீர் பலகைகளோடு ஒரு இன்டீரியர் கான்டிராக்டர் வந்து நின்றார். மெலமின் பாலிஷ் அடித்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. மீனின் கண் போல வட்டமாக, நடுவில் மட்டும் பாலிஷ் ஒதுங்கி நின்றது. எங்கள் கம்பெனிப் பலகையே மோசம் என்று சத்தம் போட்டார். பலகையில் குற்றமில்லை. கார் பாலிஷில் பெரும்பாலும் சிலிகான் கலந்திருக்கும். மேஜையிலிருந்து மரத்தில் இம்மியளவு ஒட்டினாலும் பாலிஷும் வார்னிஷும் அந்த இடத்தில் பரவாது. மாற்றுச் சரக்கு கொடுத்து அனுப்பினோம். டப்பாவில் சிலிகான் என்று எழுதியிருந்தால் ரம்ப மேஜை பக்கமே கொண்டுவராதீர்கள். எழுதியில்லாத கார் பாலிஷையும் நம்பாதீர்கள்.

ஏற்றது மரச்சாமானுக்குப் போடும் கெட்டி மெழுகு, சாயம் சேராதது. சிவப்புத் தரைக்குப் பூசும் மெழுகு உதவாது, பலகை சிவந்துவிடும். கெட்டி மெழுகில் கார்னோபா என்கிற மெழுகு சேர்ந்திருந்தால் உத்தமம். பிரேசில் நாட்டில் விளையும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அவ்வளவு கடினம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குக் கீழே இரும்பு மேஜை சூடேறும்போது தேன்மெழுகு இளகிப் பிசுபிசுக்கும், தூசு ஒட்டும்.

இருந்தாலும் ஜவ்வாது மலைத் தேன் நமக்குப் பக்கம். அடை கொண்டுவருகிறவர்களிடம் மெழுகு மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் செய்முறை இது. தேன்மெழுகு ஒரு பங்கு, சாதா வெள்ளை மெழுகுவர்த்தி ஒரு பங்கு, டர்பன்டைன் ஏழெட்டுப் பங்கு. மெழுகைச் சீவி ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். உருகியதும் அடுப்பை முழுக்க அணைத்துவிட்டு, டப்பாவை வெளியே திறந்தவெளிக்கு எடுத்துப் போய், அங்கே டர்பன்டைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். டர்பன்டைன் ஆவி நெருப்பைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். மரக்கடைக்குள் இந்த வேலையே வேண்டாம். ஆறினால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். வாங்கிய மெழுகு அளவுக்கு உழைக்காது, ஆனால் காரியம் நடக்கும்.

பூசும் முறை

பூசுவதில் எல்லோரும் செய்கிற தப்பு, அதிகம் பூசுவது. விலை கொடுத்து வாங்கியதை நிறைய அப்பினால் நிறையப் பலன் என்று நினைக்கிறோம். மெழுகு மேலே குவிந்து நின்றால் தூளைப் பிடிக்கும், மரத்திலும் ஏறும். இரும்பின் நுண்ணிய துளைகளில் இறங்கி நிற்கிற மெல்லிய படலம்தான் வேலை செய்கிறது. பழைய பருத்தி வேட்டித் துணியில் சுண்டைக்காய் அளவு எடுத்து, வட்டம் வட்டமாக மேஜை முழுவதும் தேய்த்து விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மூடுபனி போல வெளுத்துக் காயும். பிறகு சுத்தமான வேறு துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். வெள்ளைக்கறை ஒன்றும் மிஞ்சக் கூடாது. முதல் முறை செய்கிற மேஜையானால் ஒரு மணி நேரம் விட்டு இரண்டாம் பூச்சு. கடைசியில் விரலால் தொட்டால் மெழுகு வரக் கூடாது, விரல் மட்டும் வழுக்க வேண்டும்.

மேஜையில் உள்ள காடிக்குள் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பூசுங்கள். கைடின் பக்கத்தையும், தள்ளுகட்டையின் அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். பிளேடை ஏற்றி இறக்கும் திருகில் கிரீஸ் வைக்கிறார்கள். அதில் தூள் சேர்ந்து கல்லாகிவிடும், அங்கும் மெழுகே நல்லது. பெல்ட்டிலும் புல்லியிலும் மட்டும் மெழுகோ எண்ணெயோ பட விடாதீர்கள். பெல்ட் வழுக்கும்.

எல்லோரிடமும் வார்ப்பிரும்பு மேஜை இருக்காது. உள்ளூர்ப் பட்டறையில் ஆங்கிள் அடித்து இரும்புத் தகடு போட்ட மிஷின்தான் நம்மிடம் ஏராளம். அதற்கும் இதே முறைதான். சின்ன மிஷின்களில் அலுமினிய மேஜை வருகிறது. துருப்பிடிக்காது என்று விட்டுவிடக் கூடாது. வெளிறிய மரத்தில் சாம்பல் நிறக் கறை ஏற்றும், மெழுகு அதைத் தடுக்கும். சன்மைக்கா ஒட்டிய மேஜைக்கு ஈரத் துணியால் துடைத்து, வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாக ஓட்டி, துணியால் தேய்த்துவிட்டால் சரி.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பது வேலையைப் பொறுத்தது. நாங்கள் மாதம் ஒரு முறை, அமாவாசையன்று லீவு விடுவதற்கு முன் பூசுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை. சந்தேகமானால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. பரவினால் போய்விட்டது. பார்த்தவுடன் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். மெழுகு உள்ள மேஜையில் பெவிகால் சிந்தினாலும் காய்ந்தபின் நகத்தால் உரித்து எடுத்துவிடலாம், அது ஒரு உபரி லாபம்.

மேஜை வழுக்க ஆரம்பித்த முதல் நாள் அறுக்கிறவரை எச்சரிக்கை செய்யுங்கள். பலகை நினைத்ததைவிடச் சுலபமாக ஓடும். பழைய பழக்கத்தில் அதே பலத்தைக் கொடுத்துத் தள்ளக் கூடாது. பிளேடின் மூடியையும் பின்னால் நிற்கும் தகட்டையும் கழற்றிப் போட்டிருந்தால் முதலில் அவற்றைத் திரும்ப மாட்டுங்கள். மெழுகு அவற்றுக்கு மாற்று ஆகாது.

வெள்ளத்தில் நின்ற மிஷின்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நம் பக்கம் திரும்பியதை யாரும் மறக்க முடியாது. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எங்கள் ஷெட்டிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. மேஜை தப்பியது, மோட்டார் மூழ்கியது. பக்கத்துக் கடை மிஷின் பள்ளத்தில் இருந்ததால் மேஜையும் மூழ்கியது.

அப்படி மூழ்கிய மிஷினுக்குச் சில வார்த்தை. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் ஆசை. போடாதீர்கள். மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்பி உலர்த்திச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். மேஜை மேல் சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுத்து, டபிள்யூ.டி.40-ஓ மண்ணெண்ணெயோ தாராளமாகப் பூசி வையுங்கள். மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு வந்து பிறகு துருவை எடுக்கலாம். சேறு காய்ந்து இரண்டு நாள் ஆனால் துரு குழி தோண்டிவிடும். பக்கத்துக் கடைக்காரர் மூன்றாம் நாள்தான் வந்தார். அவர் மேஜையில் இன்றும் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளி பள்ளமாக இருந்தால் கெடுதல் இல்லை, மெழுகு பூசினால் பலகை ஓடும். மேடாக நிற்பதை மட்டும் தேய்த்து எடுத்தால் போதும்.

எங்கள் மேஜைக்கு அந்த வாரம் முழுக்க ஷெட்டில் ஈரக்காற்று அடித்தும் ஓரத்தில் மட்டும்தான் துரு வந்தது. புயலுக்கு நாலு நாள் முன்னால் பையன் மெழுகு பூசியிருந்தான். நாங்கள் சொல்லிச் செய்யவில்லை. ஒரு கணு குறைந்த அந்தக் கையோடு அவனே அமாவாசைக்கு அமாவாசை இந்த வேலையை எடுத்துச் செய்கிறான், வேறு யாரையும் செய்ய விடுவதில்லை.

இரவில் மேஜையை மூடி வைக்கிறவர்கள் பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள். உள்ளே வேர்த்துத் தண்ணீர் நிற்கும். பழைய பருத்தி ஜமுக்காளமோ, காய்ந்த பிளைவுட் துண்டோ போதும். டர்பன்டைன் பட்ட துணிகளைச் சுருட்டி மரத்தூள் மூட்டைப் பக்கம் எறியாமல், வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியானால் இன்னும் கவனம் தேவை. சுருட்டிப் போட்டால் நெருப்பு வைக்காமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.